பூங்கா ஓட்டத்துக்குப் போகும் முன்

2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடினார்கள். அதுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் 'பார்க்ரன்'. இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு, 5 கிலோமீட்டர். கட்டணம் இல்லை. ஒருமுறை பதிவு செய்து, பார்கோடை எடுத்துச் சென்றால் போதும். பதிவில் அவசரத்துக்கு அழைக்க உறவினர் எண்ணைத் தவறாமல் கொடுங்கள்.

ஓட வராதே என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். நடக்கலாம். எல்லோருக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். நாம் கடைசி ஆளாக மாட்டோம். அபாயா அணிபவர்கள் அது காலில் தட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்குள்ள பெரிய கவலை சர்க்கரை நோய். அது இல்லாத வீடு நம்மில் குறைவு. இன்சுலின் போடுபவர்களும் சில மாத்திரைகள் எடுப்பவர்களும் ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். குளுக்கோஸ் மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் நின்று அதைச் சாப்பிட்டு, தொண்டரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கம் என்ன? நோன்பு நாளில் இவர்கள் ஓடவே வேண்டாம். நெஞ்சு வலித்தால், "வாயுதான்" என்று சமாளித்துக்கொண்டு நடக்காதீர்கள். உடனே 999.

11 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெரியவரின் கை எட்டும் தூரத்திலேயே ஓட வேண்டும் என்பது விதி. அத்தா முன்னே, மகன் எங்கோ பின்னே என்பது கூடாது. குளிர்காலத்தில் பாதை உறைந்தால் ஓட்டத்தை ரத்து செய்வார்கள். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.