உழவு இயந்திர அச்சில் இறுகிய ஒயில் சீலைக் கழற்றும் முறை

இருசில்லு உழவு இயந்திரத்தின் அச்சு கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் வாயிலில், ஒயில் சீல் எனப்படும் வளையம் பொருத்தப்பட்டிருக்கின்றது. உள்ளிருக்கும் எண்ணெய் வெளியேறாமலும், வயல்நீரும் சேறும் உட்புகாமலும் காப்பது இதன் தொழிலாகும். சீல் தேய்ந்த பின்னரும் தொடர்ந்து உழுதால் எண்ணெயில் நீர் கலந்து பால்போல் வெளுக்கும். பெயரிங்குகளும் பற்சில்லுகளும் விரைவில் அழியும். ஆகவே சில்லின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவைக் கண்டால், போகம் தொடங்குமுன் சீலை மாற்றுதல் வேண்டும்.

சீலின் வெளிவளையம் இரும்பாலானது. அது துருப்பிடித்துக் குழியுடன் ஒட்டிக்கொள்வதுண்டு. அதனை அச்சின்மேல் உளியை ஊன்றி நெம்புதல் தவறாகும். அச்சில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் புதிய சீல் கசியும். சீலின் விலை சிறிது. அச்சின் விலை பெரிது. எனவே நெம்பாது, இருபுறமும் சமமாக இழுத்து எடுப்பதே தக்க முறை.

கழற்றும் முறை

1. இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, மரக்கட்டைகளால் உறுதியாகத் தாங்குக. எண்ணெயைப் பாத்திரத்தில் வடிக்க. அதனை வாய்க்காலில் ஊற்றலாகாது.

2. சில்லைக் கழற்றி, அச்சிற் சுற்றிய வைக்கோலையும் சேற்றையும் நீக்குக. சீலின் முன்னே பூட்டு வளையம் இருப்பின் அதனை முதலில் எடுக்க.

3. சீலின் ஓரத்தைச் சுற்றி டீசல் இட்டு ஓரிரவு ஊறவிடுக. நெருப்பால் சூடாக்கலாகாது.

4. சீலின் முகத்தில் எதிரெதிராக இரு சிறு துளைகள் இடுக. துறப்பண அலகிற் கிறீஸ் பூசினால் இரும்புத்தூள் உள்ளே விழாது ஒட்டிக்கொள்ளும். தகடு துளைபட்டவுடன் நிறுத்துக. அதன் பின்னால் பெயரிங் இருக்கக்கூடும்.

5. துளைகளில் இரு திருகாணிகளைச் சில சுற்றுகள் மட்டும் செலுத்தி, குறட்டினால் மாறிமாறிச் சிறிதுசிறிதாக இழுக்க.

6. அப்போதும் அசையாவிடின், சிறு உளியால் வளையத்தின் ஓரத்தை நடுநோக்கி மடக்குக, பிடி தளரும். உளி குழியின் சுவரையோ அச்சையோ தொடலாகாது.

புதிய சீல்

பழைய சீலைக் கடைக்குக் கொண்டு செல்க. அதில் 35 52 8 என்றிருப்பின், உள்விட்டம் 35 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., தடிப்பு 8 மி.மீ. என்பது பொருள். குழியைத் துடைத்து, சீலின் உதட்டில் எண்ணெய் பூசி, சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்குமாறு வைக்க. அச்சின் கூரிய விளிம்புகள் உதட்டைக் கிழிக்காதவாறு மெல்லிய தாளைச் சுற்றிக்கொள்க. பின்னர் பொருத்தமான குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குக.

கியர்ப்பெட்டியின் காற்றுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், உள்ளே அழுத்தம் மிகுந்து நல்ல சீலும் கசியும். அத்துளையைத் திறந்து, அளவாகப் புதிய எண்ணெய் இட்ட பின்னரே இயந்திரத்தை வயலில் இறக்குதல் வேண்டும்.