வீட்டிலே காளான் வளர்ப்பு: ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்கு ஏற்ற ஓர் உபதொழில்

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் உள்ள கிராமங்களுக்கு அதிகாலையில் சென்றால் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்பதைக் காணலாம். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் சிறுகச் சிறுக வளர்ந்து வந்த வழக்கம் இது. வயதில் இளையவர் ஆலைக்குச் செல்கின்றனர். வீட்டில் எஞ்சியிருப்பவர் முதியோரும், கைக்குழந்தையையும் கறவை மாட்டையும் விட்டு நகர இயலாத பெண்களுமே ஆவர். இத்தகைய குடும்பங்களுக்கு ஏற்ற உபதொழிலாகக் காளான் வளர்ப்பு பல ஆண்டுகளாக எடுத்துரைக்கப்பட்டு வருகிறது. அதற்கு நிலம் வேண்டுவதில்லை. நீர் குடங்கணக்கில் போதும். பாரமான வேலையும் இல்லை.

இவ்வளவும் உண்மையே. எனினும், உற்சாகத்துடன் தொடங்கியவர்களில் பலர் சில மாதங்களுக்குள் குடிலைக் காலி செய்து விடுவதும் உண்மை. காளான் முளைக்கவில்லை என்பது அதற்குக் காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் காரணங்கள் இரண்டு. தம் ஊரின் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாத காளானைத் தேர்ந்தெடுத்தது ஒன்று. எல்லாப் படுக்கைகளையும் ஒரே நாளில் போட்டு, எல்லாக் காளானும் ஒரே நாளில் மலர, அன்று மாலைக்குள் வாங்குவோர் இன்றித் தவித்தது மற்றொன்று. கடன் பெற்றுத் தொடங்கிய மகளிர் குழுவுக்கு இது சாதாரண நஷ்டம் அன்று. ஆதலின் வளர்க்கும் முறையைக் கூறுவதற்கு முன்பு இவ்விரண்டையும் விளக்குதல் நலம்.

எந்த ஊருக்கு எந்தக் காளான்?

ஓசூர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று மேலுமலையைத் தாண்டி இறங்கியதும் வெயிலின் தன்மையே மாறிவிடுகிறது. கிருஷ்ணகிரி ஓராயிரம் அடிக்கு மேல் தாழ்ந்த நிலம். பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் உஷ்ணம் இன்னும் அதிகம். மாவட்டம் ஒன்றே ஆயினும், காளானுக்கு இவை இரு வேறு நாடுகள்.

சிப்பிக்காளான் 20 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள மிதமான வெப்பத்தில் செழிக்கும். ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் கோடை மாதங்கள் நீங்கலாகப் பிற காலத்தில் இயற்கையிலேயே இத்தகைய வெப்பநிலை கிடைக்கிறது. பால்காளானோ 30 முதல் 35 டிகிரி வெப்பத்தை விரும்புவது. ஆதலின் மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதிக்கும், ஓசூர்ப் பக்கம் கோடைக்கும் அதுவே ஏற்றது. நகர ஓட்டல்களில் விரும்பப்படும் மொட்டுக்காளானுக்கு இதைவிடக் குளிர்ச்சியும், பதப்படுத்திய தொழு உரமும் தேவை. குளிரூட்டும் இயந்திரமின்றி வீட்டில் அதை வளர்க்க முற்படுவது வீண் செலவு.

வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்க்கும் முறை நமக்கு அயல் நாட்டிலிருந்து ஆயத்தமாக வந்ததன்று. பக்கத்திலுள்ள மைசூரில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் பானோ, ஸ்ரீவாஸ்தவா ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 1962-ஆம் ஆண்டில் நெல் வைக்கோலில் அதனை வளர்த்துக் காட்டினர். அதற்கும் முன்பே, 1940-களில், கோயம்புத்தூரில் தாமஸும் அவருடைய சகாக்களும் வைக்கோல் காளானைப் பயிரிடும் முறையை ஆராய்ந்து எழுதினர். பால்காளான் முழுவதும் நம் நாட்டுச் சரக்கு. வங்காளத்தில் புர்க்காயஸ்தா, சந்திரா என்பவர்கள் 1974-இல் அதை விவரித்தனர். பின்னர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ஏ.பி.கே. 2 என்னும் இரகத்தை 1998-இல் வெளியிட்டது. கரிசல் காட்டு வெயிலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இரகமாதலால் ஊத்தங்கரை வெயில் அதற்குப் பெரிதன்று.

சந்தையிலிருந்து கணக்கைத் தொடங்குக

பறித்த சிப்பிக்காளான் சாதாரண வெப்பத்தில் ஒரு நாளைக்கு மேல் நல்ல நிலையில் இராது. பால்காளான் மூன்று நாளுக்குக் குறையாமல் தாங்கும். தக்காளியைப் போலச் சந்தைக்கு ஏற்றி அனுப்பிவிட்டு விலைக்குக் காத்திருக்க இயலாது. எனவே முதற்கேள்வி, எத்தனை படுக்கை போடலாம் என்பதன்று. நாள்தோறும் எத்தனை கிலோவை யார் வாங்குவார் என்பதே.

ஓசூர்க் காய்கறிக் கடை ஒன்றும், சிற்றுண்டிச்சாலை ஒன்றும், குடியிருப்பில் சில வீடுகளும் சேர்ந்து நாள் ஒன்றுக்கு 2 கிலோ வாங்க இசைந்தன என்று கொள்வோம். ஒரு படுக்கைக்கு ஒன்றேகால் கிலோ உலர்ந்த வைக்கோல் செல்லும். ஒரு கிலோ வைக்கோலுக்கு 600 கிராம் காளான் என்று அடக்கமாகக் கணக்கிட்டால் படுக்கை ஒன்றுக்கு 750 கிராம், அதுவும் மூன்று தவணைகளில் கிடைக்கும். நாள்தோறும் 3 படுக்கைகள் போட்டு வந்தால், முதல் 45 நாள் கழிந்த பின் நாள்தோறும் சற்றேறக்குறைய இரண்டேகால் கிலோ வந்துகொண்டிருக்கும். குடிலில் எப்போதும் 135 படுக்கைகள் தொங்கும். மாதத்திற்கு வேண்டிய வைக்கோல் 112 கிலோவுக்குச் சற்று அதிகம். விதைப் பை ஒன்று இரு படுக்கைகளுக்கு ஆகும் என்றால் மாதத்திற்கு 45 பைகள். கிடைப்பது சிறு வருமானமே. ஆனால் விடாமல் வருவது. அதே 135 படுக்கைகளையும் ஒரே வாரத்தில் போட்டவர் முதல் அறுவடையின்போது எத்தனை கடைகளின் வாயிலில் நிற்க நேரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருக்கிறதே என்று சிலர் கூறுவர். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெரிய சந்தைதான், ஐயமில்லை. ஆனால் அங்கே கர்நாடகத்துப் பண்ணைகளின் சரக்கும் போட்டியிடும். 2 கிலோவுக்காகப் பேருந்துக் கட்டணம் கொடுத்துச் செல்வது கட்டுப்படியாகாது. ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒருவர் மூலம் அனுப்பினால் மட்டுமே அது பொருந்தும். முதலில் ஓசூரிலேயே காலூன்றுதல் நன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒலிக்கும் இக்கடைவீதியில் காளான் என்றும், புட்டகொடுகு என்றும், அணபே என்றும் கேட்டு வாங்குவோர் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. விதையையும் சாதனங்களையும் அதிக விலைக்குத் தலையில் கட்டி, விளைந்ததையெல்லாம் தாமே வாங்கிக்கொள்வதாக வாக்களிப்போர் அவ்வப்போது கிராமங்களுக்கு வருகின்றனர். எழுத்து மூலமான ஒப்பந்தமும், அவரிடம் ஓராண்டேனும் சரக்கு விற்றுப் பணம் பெற்றவர்களின் சொல்லும் இன்றி முன்பணம் கொடுத்தல் கூடாது.

வளர்க்கும் முறை

16 சதுர மீட்டர் பரப்புள்ள கூரைக் குடில் தொடக்கத்திற்குப் போதும். அதை இரண்டாகத் தடுத்து, ஒரு பகுதியை வித்து பரவும் அறையாகவும், மற்றதைக் காளான் முளைக்கும் அறையாகவும் கொள்ள வேண்டும். முன்னதற்கு வெளிச்சம் வேண்டுவதில்லை. பின்னதற்கு மங்கலான வெளிச்சமும், நல்ல காற்றும், 85 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதமும் தேவை. தரையில் மணல் பரப்பி நனைத்தும், சுவரோரம் ஈரச்சாக்குகளைத் தொங்கவிட்டும் இதைப் பெறலாம். சன்னல்களுக்கு நெருங்கிய கண்ணுள்ள நைலான் வலை அடித்தால் ஈக்கள் புகா.

வைக்கோல் அவ்வாண்டு அறுத்ததாய், மழையில் நனையாததாய், பொன்னிறமாய் இருத்தல் வேண்டும். 1958 முதல் பாசனம் அளித்து வரும் கிருஷ்ணகிரி அணையின் ஆயக்கட்டில் இது கிடைக்கும். ஓசூர்ப் பக்கம் மிகுதியாக உள்ளது ராகித் தாள். அதிலும் சிப்பிக்காளான் வளரும். ஆயினும் மாட்டுக்கு உரிய நல்ல தீவனத்தைக் காளானுக்குப் போடுவது, கறவை வைத்திருக்கும் வீட்டுக்கு இலாபமா என்பதைக் கணக்கிட்டே செய்க.

வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் தூய நீரில் ஊறவைத்து, பின் கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து வடித்துவிட வேண்டும். பூசணக்கொல்லி மருந்துகளில் ஊறவைக்கும் முறையும் வழக்கில் உண்டு. வீட்டுக்குள் செய்யும் தொழிலுக்கு வெந்நீரே மேல். வடித்ததை நிழலில் பரப்பி ஆற்றிய பிறகு, ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்து பார்க்கவும். நீர் சொட்டக் கூடாது. உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். தொடக்கக்காரர்கள் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். ஈரம் மிகுந்த படுக்கையில் பச்சைப் பூசணம் படரும். மைக்காளான் என்னும் மெலிந்த காளான் கிளம்பிக் கறுத்து உருகும். படுக்கையில் நாம் விதைக்காத காளான் எது முளைத்தாலும், அதைச் சமைக்காமல் பிடுங்கி எறிக.

2 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள பாலிதீன் பையின் அடியைக் கட்டி, நடுவில் இருபுறமும் ஒவ்வொரு துளை இட்டு, வைக்கோல் ஓர் அடுக்கு, ஓரங்களில் விதை என மாற்றி மாற்றி, ஐந்து அடுக்கு வைக்கோலும் நான்கு அடுக்கு விதையுமாக நிரப்பி, வாயைக் கட்டித் தொங்கவிட வேண்டும். விதை வெண்ணிறமாய்ப் பரவியிருத்தல் அவசியம். பச்சையோ கறுப்போ புள்ளி தெரிந்தால் வாங்க வேண்டாம். வெயில் ஏறிய பேருந்தில் அதை நாள் முழுதும் சுமந்து வருவதும் கேடு. விடியற்பொழுதில் வாங்கி உடனே திரும்புக.

15 முதல் 20 நாளில் பை முழுதும் வெண்மை படரும். அப்போது பையைக் கிழித்து நீக்கி, படுக்கையை முளைப்பு அறைக்கு மாற்றி, நாள்தோறும் இருமுறை கைத்தெளிப்பானால் பனிபோல் நீர் தெளித்தால், மூன்றாம் நாள் குண்டூசித் தலைபோன்ற மொட்டுக்கள் தோன்றும். மேலும் மூன்று நாளில் பறிக்கலாம். தெளிக்கும் நீர் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். தென்பெண்ணை நீர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வரும் காட்சியைப் பலரும் கண்டிருப்பர். அந்நீரைக் காளான் குடிலுக்குள் விடுதல் ஆகாது.

பால்காளானுக்கும் தொடக்கம் இவ்வாறே. வித்து பரவிய பிறகு படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டுமுகத்தின்மேல் ஆவியில் வேகவைத்த தோட்ட மண்ணைச் சுண்ணாம்புப் பொடியுடன் கலந்து முக்கால் அங்குலக் கனத்திற்கு இட வேண்டும். மண் போர்த்தாவிடில் அது காய்க்காது.

குடில் வேறு, படுக்கையறை வேறு

வீட்டில் வளர்ப்பது என்றால் உறங்கும் அறையின் மூலையில் வளர்ப்பது என்று பொருளன்று. சிப்பிக்காளான் முதிர்ந்தால் கண்ணுக்குப் புலப்படாத நுண்விதைத்தூளைக் காற்றில் உதிர்க்கும். அதை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு வறட்டிருமல், மூச்சுத்திணறல், மாலைக் காய்ச்சல் ஆகியவை உண்டாகலாம். எனவே குடில் வீட்டிலிருந்து சற்று விலகி இருக்கட்டும். இதழின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுமுன் பறித்துவிடுக. எடையும் சுவையும் அப்போதே மிகுதி. குடிலுக்குள் செல்லுமுன் கதவைத் திறந்து சற்றுக் காற்றோட விட்டு, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இத்தொழிலில் கைவைக்காதிருத்தல் நலம். இருமல் கண்டவரை ஓரிரு வாரம் குடிலுக்குள் விடாமல் வைத்து, மருத்துவரிடம் தொழிலையும் சொல்லிக் காட்டுக. சொல்லாவிடில் அவர் வேறு நோய் என்று கருதக்கூடும்.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

1989-இல் தமிழ்நாட்டில் அரசின் முயற்சியால் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதல் தொடங்கப்பட்டது, அன்று கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் உள்ளடக்கியிருந்த தருமபுரி மாவட்டத்திலேயே ஆகும். ஆகவே, குழுவாகச் சேர்ந்து சேமிப்பதும் கடன் பெறுவதும் இப்பகுதிப் பெண்களுக்குப் புதிதன்று. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத் தக்கது, அக்குழுவைக் கடன் விண்ணப்பத்திற்கு முன்பு பயிற்சிக்கு அனுப்புவதே. காவேரிப்பட்டினத்தை அடுத்த பையூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பயிற்சி எங்கே, எப்போது என்பதை அங்கே விசாரித்தறியலாம். பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் பயிற்சியும், முன்பதிவின் பேரில் விதையும் கிடைக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியே அலைவதைவிட, பத்து வீடுகளின் தேவையைச் சேர்த்து ஒருவரை அனுப்பினால் செலவு குறையும். மிஞ்சிய காளானை உலர்த்தியோ ஊறுகாயாக்கியோ விற்க விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்தை நிரப்ப உதவுவதும் அங்கத்தினர்களுக்குப் பெரிய காரியமன்று.

மூன்று அறுவடை முடிந்த படுக்கையைக் குடிலுக்கு அருகில் கொட்டினால் ஈக்கள் அங்கிருந்தே திரும்பி வரும். அதைத் தொலைவில் உள்ள குழியிலோ மண்புழுத் தொட்டியிலோ சேர்த்தால் தென்னைக்கும் ரோஜாவுக்கும் நல்ல எருவாகும். ஓசூர்ப் பக்கத்தில் பங்குனி பிறந்ததும் சிப்பிக்காளானுக்குப் புதுப் படுக்கை போடுவதை நிறுத்தி, இருப்பதை அறுத்து முடித்து, குடிலைக் காலி செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மணலை மாற்றி, பத்து நாள் பூட்டி வைத்த பின்பே பால்காளானைத் தொடங்குக.