லிவர்மோரில் ஜெட் ஸ்கீ: புதுசா, பழசா?

லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் டெல் வாலே ஏரியை எட்டிவிடலாம். ஆனால் அங்கே படகுகளுக்கு உச்ச வேகம் மணிக்கு 10 மைல்தான். 300 குதிரைத்திறன் வண்டியை வாங்கி அங்கே இறக்க நினைப்பவர், பந்தயக் காளையைச் செக்கில் பூட்டப் பார்க்கிறார்.

ஆகவே, வேகம் தேடும் லிவர்மோர்க்காரர்கள் வாஸ்கோ ரோடு பிடித்து டிஸ்கவரி பே, பெத்தெல் ஐலண்ட் பக்கம் டெல்டா கால்வாய்களுக்குப் போகிறார்கள். கோடை விடுமுறை என்றால் தாஹோ. (ஜெட் ஸ்கீ என்பது உண்மையில் கவாசாகியின் வணிகப் பெயர். சீடூவுக்கும் யமஹாவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது, நம்மூரில் நகலுக்கெல்லாம் ஜெராக்ஸ் என்பதுபோல.)

புதுசா பழசா என்பதற்குப் பாதி விடையை இந்த நீர்நிலைகளே சொல்லிவிடும். கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குத் தாஹோவில் 1999 முதல் தடை. தொண்ணூறுகளில் வந்த வண்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று தாவினால், மலையேறிப் போய்க் கரையில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கலாம். யமஹா 2002இல் ஃபோர் ஸ்ட்ரோக் கொண்டுவந்தது. பழசு தேடுபவர் அந்த வகையோடு நிற்பது நல்லது.

டெல்டாவில் தொல்லை வேறு. 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்க மட்டி என்ற அயல் சிப்பியைக் கண்டுபிடித்தார்கள். வட அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அதன்பின் பல நீர்த்தேக்கங்களில் சோதனை இறுகியது. ஃபோல்சம் ஏரியில் 30 நாள் தனிமைக் காலமே வைத்தார்கள். டெல்டாவில் ஓடிய பழைய வண்டியை வாங்கினால் பம்பிலும் குழாயிலும் நீர் தேங்காமல் வடித்து உலர்த்த வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். புதிய வண்டியின் அட்டை விலையோடு டிரெய்லர், கடைக்காரரின் தயாரிப்புக் கட்டணம், பத்து சதவீதத்தைத் தாண்டும் விற்பனை வரி எல்லாம் சேரும். தனியாரிடம் வாங்கினால் வரி தப்பும் என்று நினைக்க வேண்டாம். பெயர் மாற்றும்போது டிஎம்வியில் பயன்பாட்டு வரி கட்டியே ஆக வேண்டும். புதுசுக்குக் கிடைக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் ஒரு வருடம். கோடைக்குப் பத்து வார இறுதி மட்டும் ஓட்டும் வீட்டுக்கு, நான்கைந்து வருடம் பழகிய, சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டியே லாபம். யமஹா விஎக்ஸ், சீடூ ஜிடிஐ 130 போன்றவை அந்த ரகம். ஸ்பேனரைத் தொடவே மாட்டேன் என்பவர் மட்டும் புதுசுக்குப் போகட்டும்.

சூப்பர்சார்ஜர் மீது ஏன் இந்தப் பயம்? சீடூவின் பழைய ராட்டாக்ஸ் எஞ்சின்கள் சிலவற்றில் சூப்பர்சார்ஜருக்குள் பீங்கான் வாஷர்கள் இருந்தன. அவை உடைந்தால் சில்லுகள் எஞ்சினுக்குள் இறங்கும். உலோக வாஷருக்கு மாற்றிய ரசீது இல்லாத வண்டியை விலை கேட்கவே வேண்டாம்.

பார்க்கப் போகும்போது இருக்கையைக் கழற்றச் சொல்லுங்கள். போல்ட்டுகளில் பச்சையும் வெள்ளையும் பூத்திருந்தால் உப்புநீரில் ஓடி, கழுவப்படாத வண்டி. கம்ப்ரஷன் பார்க்கும்போது சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பலாம். பின்னால் குனிந்து டார்ச் அடித்து இம்பெல்லரின் விளிம்பைப் பாருங்கள். கல் இழுத்திருந்தால் நெளிந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள தேய்மான வளையத்தில் கீறல் ஆழமாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். அதை மாற்றிக்கொள்ள முடியும். “ஐயோ, மீட்டரில் இருபதே மணி” என்று மயங்கவும் வேண்டாம். வருடக்கணக்கில் கொட்டகையில் கிடந்து பெட்ரோல் கெட்ட வண்டியைவிட, நூறு மணி ஓடி ஒழுங்காக எண்ணெய் மாற்றிய வண்டி மேல்.

பராமரிப்பில் புதுசுக்கும் பழசுக்கும் பேதம் குறைவு. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்: முதலில் எஞ்சினை இயக்கிப் பிறகு குழாயைத் திறப்பது, நிறுத்தும்போது குழாயை மூடிவிட்டு எஞ்சினை அணைப்பது. வரிசை மாறினால் தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறும். சீடூவில் எஞ்சினுக்கு மூடிய குளிர்விப்பு இருந்தாலும் புகைபோக்கிக்கு வெளிநீர்தான் போகிறது. அதையும் கழுவத்தான் வேண்டும்.

பேரம் படிந்தால் பின்பக்கம் பொறித்திருக்கும் 12 எழுத்து ஹல் எண்ணை உரிமைப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். 2025 முதல் கலிபோர்னியாவில் எந்த வயதினருக்கும் படகோட்டி அட்டை கட்டாயம். ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை வேண்டும், அஸ்தமனமானால் கரைக்கு வந்துவிட வேண்டும்.