பால்சா விமானம் கட்டுவோருக்கு

பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வரும் பால்சா மரத்துக்கு மயிலாப்பூரின் ஐப்பசி ஈரம் ஒத்துக்கொள்ளாது. மெல்லிய பலகைகள் வளைந்துவிடும். கிட்டைப் பிரித்ததும் சமதளத்தில் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள்.

வரைபடத்தின் மேல் பாலிதீன் தாளை விரித்துவிட்டு ஒட்டுங்கள். இல்லையென்றால் இறக்கையோடு படமும் சேர்ந்து வரும். அவசரத்துக்கு ஃபெவிக்விக் இருக்கட்டும், ஆனால் சுமை தாங்கும் இணைப்புகளுக்கு மரப்பசைதான் என் கட்சி. அதுவும் மெல்லியதாக, ஒவ்வொரு துளியும் எடை.

பேட்டரி, மோட்டார், சர்வோ எல்லாம் பொருத்தியபின், வரைபடம் குறித்த இடத்தில் இறக்கையின் அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்கிப் பாருங்கள். வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள். பேட்டரியை முன்னே நகர்த்துங்கள்.

பறக்கவிட அடையாறு மொட்டைமாடி ஆசை வேண்டாம். மீனம்பாக்கம் விமான நிலையம் தூரமில்லை. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கு வெளியே திடல் தேடுங்கள்.