இணைந்த இரு பொறிகள்

எரிபொருளை எரிக்காமலே அதன் ஆற்றலை மின்சாரமாக மாற்றும் கருவி எரிபொருள் மின்கலம் ஆகும். 1839-ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்னும் அறிஞர் இதன் முதல் வடிவத்தை அமைத்தார்.

இம்மின்கலங்களுள் பீங்கானால் ஆகியவை 1000 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலையில் இயங்குவன. அவற்றினின்று வெளிப்படும் வெம்மையான வாயுவைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றினால், அதே எரிபொருளிலிருந்து மேலும் மின்சாரம் கிடைக்கும். சுழலியும் காற்றை அழுத்திக் கலத்திற்கு அனுப்பிக் கைம்மாறு செய்யும். 2000-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்து இர்வைன் நகரில், 220 கிலோவாட்டு அளவுள்ள இத்தகைய அமைப்பு சோதிக்கப்பட்டது.

ஆயினும் இவ்விரு பொறிகளின் இயல்பு வேறு வேறு. மின்தேவை திடீரென மாறினால் சுழலியின் வேகம் சில நொடிகளில் மாறிவிடும். கலத்தின் வெப்பமோ மெல்லவே மாறும். காற்றின் அளவு பொருந்தாவிடின் வெப்பம் சீர்குலைந்து பீங்கானில் விரிசல் உண்டாகும். விலைமிக்க கலத்தை உடைத்துப் பார்த்தா இதனை அறிவது?

ஆதலின், வெப்பமும் அழுத்தமும் காற்றோட்டமும் நொடிதோறும் மாறும் முறையை அறிஞர் சமன்பாடுகளாக எழுதிக் கணிப்பொறியில் இயக்கிப் பார்க்கின்றனர். விடைகளைச் சோதனை அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றனர். இதுவே இயங்குநிலை மாதிரி அமைத்தல் எனப்படும். கணக்கில் உடையும் கலம், நிலையத்தில் உடையாமல் காக்கப்படுகிறது.