சிசேரியன் தழும்பு வலியைப் பொறுத்துக்கிட்டே இருக்க வேண்டாம்



"ஆபரேஷன் பண்ணி மூணு வருஷம் ஆச்சு, குனிஞ்சா இன்னும் சுருக்குன்னு இழுக்குது." குழுக் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. மல்லிகைப்பூ பறிக்கக் குனிந்தால் வலி, நாற்று நட்டால் வலி, இடுப்பில் குடம் வைத்தால் வலி. "கத்தி பட்ட உடம்பு அப்படித்தான்" என்று பெரியவர்கள் சொல்ல, நாமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம். முடியாத நாளில் கூலி போய்விடுகிறது.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி 2015-16ல் தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 34 சிசேரியன். 2019-21ல் அது 45 ஆகிவிட்டது. ஆகவே இது நம் எல்லோர் வீட்டுக்கும் தேவையான பாடம்.

வலி ஏன் வருகிறது?

வெளியே தெரிவது ஒரு கோடுதான். உள்ளே தோல், கொழுப்பு, தசையின் மேலுறை, வயிற்றின் உள்உறை, கர்ப்பப்பை எனப் பல அடுக்குகளைத் திறந்துதான் குழந்தையை எடுக்கிறார்கள். ஆறும்போது இந்த அடுக்குகள் சில நேரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜாக்கெட்டில் லைனிங் துணி சுருங்கினால் மேல்துணியையும் சேர்த்து இழுக்கும் இல்லையா, அதுபோலத்தான். சிறு நரம்புகளும் அறுபடுவதால் சிலருக்கு அந்த இடம் மரத்துப்போகும். சிலருக்குச் சேலை பட்டாலே கூசும்.

முதல் சில வாரங்கள்

தழும்பைத் தேய்க்கவே கூடாது. இருமும்போதும் தும்மும்போதும் சிறு தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடியுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள்.

6 முதல் 8 வாரம் கழித்து

புண் முழுதும் மூடி, பொருக்கு உதிர்ந்து, டாக்டரும் பார்த்துச் சரி என்ற பிறகே தொடங்குங்கள். பல வருஷப் பழைய தழும்புக்கும் இது பொருந்தும். மறுபடி கர்ப்பமாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

1. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். வயிறு உப்பும்படி மெதுவாக 5 முறை மூச்சு விடுங்கள்.
2. கூச்சம் இருந்தால் முதலில் பஞ்சால் தடவுங்கள். பழகியபின் மெல்லிய துணி, பிறகு டவல்.
3. சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டு, இரண்டு விரலால் தழும்பைச் சுற்றியுள்ள தோலை மேலும் கீழும், பக்கவாட்டிலும், வட்டமாகவும் நகர்த்துங்கள். எண்ணெய் தேய்ப்பதுபோல் வழுக்கக் கூடாது. விரலோடு தோலும் நகர வேண்டும்.
4. சில வாரம் பழகியபின் தழும்பின் மேலேயே செய்யலாம். அப்பளத்துக்கு மாவு கிள்ளுவதுபோல் தோலை மெல்லத் தூக்கி உருட்டலாம்.

தினம் 5 நிமிஷம் போதும். லேசாக இழுக்கலாம், ஆனால் குத்தும் வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். இதைப் பற்றிய ஆய்வுகள் சிறியவைதான். இருந்தாலும் பல பெண்களுக்கு வலி குறைந்ததை அவை காட்டுகின்றன.

இப்படி இருந்தால் கை வைக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்

காய்ச்சல், சீழ், சிவந்து வீங்குதல், தையல் பிரிதல், கெட்ட வாடையோடு வெள்ளைபடுதல். இருமினால் தழும்பருகே புடைத்தால் குடலிறக்கமாக இருக்கலாம். தழும்பில் கட்டி இருந்து மாதவிலக்கு நாளில் மட்டும் வலித்தால், கர்ப்பப்பை உள்சவ்வு அங்கே வளர்ந்திருக்கலாம். இவை தேய்த்துச் சரியாவது இல்லை.

எங்கே கேட்பது?

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், பிசியோதெரபி உண்டு. ஊரில் கிராம சுகாதார நர்சைக் கேளுங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகளும் இருக்கிறார்கள். அதில் வேலை பார்க்கும் மகளிர் தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போன்ற குழுப் பெண்களே. அவர்களிடம் வழி கேளுங்கள். 104க்கு போன் செய்தும் ஆலோசனை பெறலாம். "தழும்பு வலிக்குது, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்க" என்று கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் எத்தனை பேருக்குத் தழும்பு வலி இருக்கிறது? அவர்களில் எத்தனை பேர் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள்? தனியாகப் போகத் தயங்கும் உறுப்பினரோடு துணைக்குப் போகப்போவது யார்?