நட்சத்திரத்துக்கும் உண்டு ஜீரோ எரர்!

(மூன்றாமாண்டு, மெக்கானிக்கல்)

முதலாமாண்டு ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஷாஃப்ட்டை லேத்தில் 20 மி.மீ.க்குக் கடைந்து, பெருமையாக நீட்டினேன். புஷ்ஷுக்குள் போகவே இல்லை! வெர்னியரில் மைனஸ் 0.1 மி.மீ. ஜீரோ எரர். "தம்பி, நீ அளந்தது சரி. எதை நம்பி அளந்தே?" என்று கேட்டார் இன்ஸ்ட்ரக்டர். ஜாப் ஸ்கிராப்புக்குப் போயிற்று. அதே கேள்வியை வானியல் அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பெகாசஸ் மண்டலத்தில் எச்.டி. 209458 என்றொரு நட்சத்திரம். அதன் முன்னால் ஒரு கோள் 3.52 நாளுக்கு ஒருமுறை கடந்து போவதை 1999-இல் கண்டார்கள். கடக்கும்போது வெளிச்சம் சுமார் 1.5 சதவீதம் குறைகிறது. சூத்திரம் நமக்குப் புரிகிற மாதிரிதான்:

ஒளிக்குறைவு = (கோளின் ஆரம் ÷ நட்சத்திரத்தின் ஆரம்)²

0.015-இன் வர்க்கமூலம் 0.1225. அதாவது, கோளின் ஆரம் நட்சத்திரத்தின் ஆரத்தில் ஏறக்குறைய 12 சதவீதம். சரி, நட்சத்திரத்தின் ஆரம் எவ்வளவு? அங்கேதான் சிக்கல். இங்கே நட்சத்திரம்தான் நம்முடைய ஸ்கேல்!

முதலில் சூரியனைப்போல் 1.1 மடங்கு என்று வைத்துக்கொண்டார்கள். சூரியனின் ஆரம் 6,96,000 கி.மீ. எனவே கோளின் ஆரம் சுமார் 93,800 கி.மீ. பிறகு கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் உள்ள சாரா தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்று சேர்த்து நட்சத்திரத்தையே அளந்தார்கள். 2015-இல் கிடைத்த விடை 1.2 மடங்கு. இப்போது கோள் 1,02,300 கி.மீ. வித்தியாசம் 8,500 கி.மீ.; நம் பூமியின் ஆரமே 6,371 கி.மீ.தான்!

விஷயம் இதோடு நிற்காது. கன அளவுக்கு மும்மடி போட வேண்டும் அல்லவா? அது 30 சதவீதம் கூடுகிறது. நிறை மாறாவிட்டால் அடர்த்தி 23 சதவீதம் குறைகிறது. சிறிய கோள்களில், அது பாறையா வாயுவா என்ற தீர்ப்பே இதனால் மாறிவிடும்.

2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் நட்சத்திரங்களின் தூரத்தைத் துல்லியமாகத் தந்தது. 2018-இல் வெளியான அதன் தகவலைக் கொண்டு, கெப்ளர் தொலைநோக்கி பார்த்த நட்சத்திரங்களின் ஆரத்தைத் திருத்தினார்கள். கோள்களைத் திரும்பிப் பார்க்காமலேயே அவற்றின் அளவும் திருந்தியது!

புதிதாகக் கண்டுபிடிப்பவருக்குத்தான் கைதட்டல். கண்டுபிடித்ததைத் திரும்ப அளப்பவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் போகாது, நண்பர்களே! இப்பவெல்லாம் வெர்னியரைக் கையில் எடுத்தால், ஜாவை ஒட்டவைத்து ஜீரோவைப் பார்த்த பிறகுதான் வேலை.